ஒளியின் காந்தப்புலம் சரியாகப் பதிவாகவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழை தேடும் முறை

அண்மைப்புல நுண்ணோக்கியில், அதாவது மெல்லிய நுனியைப் பரப்புக்கு மிக அருகே நகர்த்திப் படமெடுக்கும் கருவியில், ஒளியின் மின்புலத்தைப் படமெடுப்பது இன்று பல ஆய்வகங்களில் வழக்கமான வேலை. காந்தப்புலம் அவ்வளவு எளிதில் பிடிபடாது. ஒளியின் மின் பகுதிக்கு அணுக்கள் காட்டும் எதிர்வினையோடு ஒப்பிட்டால், காந்தப் பகுதிக்குக் காட்டுவது ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். 2009-இல் ஆம்ஸ்டர்டாமின் அமோல்ஃப் ஆய்வுக்கூடக் குழு, உலோகம் பூசிய ஃபைபர் நுனியில் மெல்லிய பிளவு ஒன்றை வெட்டி, அதை ஒரு பிளவு வளையமாக்கி, ஒளியின் காந்தப்புலத்தைப் படமெடுத்துக் காட்டியது. அதற்குப் பிறகு இந்த முறை பரவியது. கூடவே இதற்கே உரிய கோளாறுகளும் பரவின.

ஒரே கோளாறு மூன்றாவது முறை வந்தபோதுதான் இதை எழுதிவைக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத சோதனை முதலில் வரும், செலவு பிடிக்கும் சோதனை கடைசியில். நுனியை மாற்றுவது எப்போதும் கடைசி. ஒரு நல்ல பிளவு நுனி செய்யப் பல நாள் உழைப்பு போகிறது. ஃபைபர் இணைப்பில் இருந்த தூசிக்காக நல்ல நுனியைக் கழற்றி உடைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

## எந்த அமைப்பைப் பற்றிப் பேசுகிறேன்

கீழே ஒளி ஓடும் மாதிரி. அதற்கு மேல் 10, 20 நானோமீட்டர் உயரத்தில் அலுமினியம் பூசிய ஃபைபர் நுனி. நுனியின் முகத்தில் 200 நானோமீட்டர் அளவில் ஒரு துளை. துளையைச் சுற்றிய உலோக வளையத்தில் ஒரு பிளவு. நுனி ஒரு குவார்ட்ஸ் இசைக்கவையின் காலில் ஒட்டியிருக்கும், உயரத்தைக் காப்பது அதுதான். நுனி எடுத்துவரும் ஒளி, அதிர்வெண் சற்று மாற்றிய ரெஃபரன்ஸ் கற்றையோடு கலந்து, தளவிளைவுத் (ஒளியின் மின்புலம் அதிரும்) திசைக்கு ஒன்றாக இரண்டு டிடெக்டர்களுக்குப் போகும். பிளவு வளைய நுனியில் இவற்றில் ஒன்று காந்தப்புலச் சேனல், மற்றது மின்புலச் சேனல். குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் பிரித்தெடுக்கும் லாக்-இன் பெருக்கி, அலையின் வீச்சையும் கட்டத்தையும் (phase) தரும். உங்கள் கருவி கொஞ்சம் வேறாக இருந்தாலும் கீழே உள்ளதில் பெரும்பகுதி பொருந்தும்.

நினைவில் வைக்க வேண்டியது இரண்டு. பிளவு வளைய நுனிக்கு முக்கியமாகக் கேட்பது, மாதிரியின் பரப்புக்குச் செங்குத்தாக வளையத்தின் ஊடே போகும் காந்தப்புலம். பிளவு இல்லாத வட்டத் துளை, பரப்புக்கு இணையான மின்புலம், காந்தப்புலம் இரண்டையும் சேர்த்தே எடுக்கும். உலோகத் தகட்டிலுள்ள சிறு துளை காந்த இருமுனையாகவும் நடந்துகொள்ளும் என்று 1944-இலேயே இயற்பியலாளர் பெத்தே கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். வட்டத் துளையில் காந்தப்புலம் கலந்து வந்தால் அதைக் கோளாறு என்று நினைத்துத் தேட வேண்டாம்.

## தேடத் தொடங்கும் முன்: பழகிய மாதிரி ஒன்று

புது மாதிரியில் கோளாறு தேடாதீர்கள். விடை தெரிந்த மாதிரி ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும். என் தேர்வு, நேரான சிலிக்கான் நைட்ரைடு அலைவழி, அதாவது ஒளியைத் தன்னுள் அடக்கி ஓடவிடும் மெல்லிய பாதை. அதன் மறுமுனையில் ஒளி பிரதிபலித்துத் திரும்பி வந்து நிலை அலையை உண்டாக்கும். 1550 நானோமீட்டர் ஒளியில், அலைவழியின் செயல்படு ஒளிவிலகல் எண் 1.5 என்றால், படத்தில் தெரியும் ஒளிப் பட்டைகள் பட்டைக்குப் பட்டை சுமார் 517 நானோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இந்த எண் வராவிட்டால் ஸ்கேனரின் நீள அளவீடே தவறு. மற்ற சோதனைகளை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

நுனியை மேலே தூக்கும்போது ஒளி எப்படிக் குறைகிறது என்பதையும் இதே மாதிரியில் பதிவு செய்து வையுங்கள். மேற்சொன்ன எண்களுக்கு வீச்சு சுமார் 220 நானோமீட்டர் உயரத்தில் 2.7-இல் ஒரு பங்காக வேண்டும். நுனி நன்றாக இருக்கும் நாளில் எடுத்த இந்த ஒரு வரைபடம், கெட்ட நாளில் பல மணிநேரத்தை மிச்சப்படுத்தும்.

1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. அதற்குரிய பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் கீழே உள்ள எதையும் செய்ய வேண்டாம்.

## அறிகுறி 1: சிக்னலே இல்லை

முதலில் ரெஃபரன்ஸ் கற்றையை அட்டையால் மறைத்துவிட்டு, நுனி எடுக்கும் ஒளி மட்டும் டிடெக்டருக்கு வருகிறதா என்று பாருங்கள். தேடல் இங்கே இரண்டாகப் பிரிகிறது.

### நுனியிலிருந்து ஒளியே வரவில்லை

அகச்சிவப்பு கேமராவில் மாதிரியை மேலிருந்து பாருங்கள். அலைவழி நெடுக மெல்லிய கோடு ஒளிர்ந்தால் ஒளி உள்ளே போகிறது என்று பொருள். கோடு இல்லையென்றால் நுனிக்கும் இதற்கும் தொடர்பில்லை. லேசரின் ஷட்டர், உள்ளீட்டு லென்ஸ், அலைவழியின் வாய், இந்த வரிசையில் போங்கள். பெரும்பாலும் லென்ஸ் இரவில் சில மைக்ரோமீட்டர் நகர்ந்திருக்கும்.

கோடு இருக்கிறது, டிடெக்டரில் ஒன்றும் இல்லை என்றால் ஃபைபர் இணைப்புகளைப் பாருங்கள். ஒவ்வொரு இணைப்பையும் கழற்றி, நுண்ணோக்கியில் முகத்தைப் பார்த்து, துடைத்து மாட்டுங்கள். ஃபைபர் எங்காவது இறுக்கமாக வளைந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். சில டிடெக்டர்கள் உள்ளே ஒரு பேட்டரியை வைத்து ஓடுபவை. அது தீர்ந்துபோவது நாம் மறந்தேபோகும் காரணம்.

இதெல்லாம் சரி என்றால்தான் நுனி. ஃபைபரின் பின்முனையிலிருந்து சிவப்பு லேசரைக் குறைந்த சக்தியில், மில்லிவாட்டில் சிறு பங்கு மட்டும், விட்டு நுனியைப் பக்கவாட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். சக்தியைக் கூட்டினால் அலுமினியப் பூச்சு சூடாகி உரிந்துவிடும். கடைசி முனையில் மட்டும் ஒரு புள்ளி ஒளிர்ந்தால் நுனி நலம். ஒளியே இல்லையென்றால் துளை அடைபட்டிருக்கலாம் அல்லது ஃபைபர் உள்ளே முறிந்திருக்கலாம். பக்கவாட்டில் ஒளி கசிந்தால் பூச்சில் ஓட்டை. அதற்கு அறிகுறி 2-ஐப் பாருங்கள்.

### ஒளி வருகிறது, லாக்-இன்னில் மட்டும் ஒன்றும் இல்லை

லாக்-இன் பெருக்கிக்குக் கொடுத்த அதிர்வெண்ணும், ஒளியின் அதிர்வெண்ணை மாற்றும் இரண்டு அகூஸ்டோ-ஆப்டிக் மாடுலேட்டர்களின் அதிர்வெண் வித்தியாசமும் ஒன்றுதானா என்று பாருங்கள். யாரோ ஒரு கேபிளை மாற்றி மாட்டியிருப்பார்கள். அடுத்து ரெஃபரன்ஸ் கற்றையின் தளவிளைவு. அது ஒரு சேனலின் திசையிலேயே முழுவதும் சாய்ந்திருந்தால் மற்ற சேனலுக்குக் கலக்க எதுவும் இருக்காது. 45 டிகிரியில் வையுங்கள்.

துடிப்பு லேசர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு காரணம் உண்டு. 100 ஃபெம்டோ நொடித் துடிப்பின் நீளம் வெறும் 30 மைக்ரோமீட்டர். இரண்டு பாதைகளின் நீளம் அந்த அளவுக்குள் பொருந்தாவிட்டால் கலப்பே நடக்காது. தாமதப் பாதையை மெதுவாக நகர்த்திக்கொண்டே லாக்-இன்னைக் கவனியுங்கள்.

நிபுணரைக் கூப்பிடும் இடம்: லேசர் பெட்டியே ஒளி தராதபோது. மூடியை நீங்கள் திறக்க வேண்டாம்.

## அறிகுறி 2: சிக்னல் திடீரென்று கூடிவிட்டது, அல்லது நுனியைத் தூக்கினாலும் குறையவில்லை

பார்ப்பதற்கு நல்ல செய்தி போல வரும் கோளாறு இது. நேற்றைவிட இன்று மூன்று மடங்கு சிக்னல். ஸ்கேன் செய்தால் படம் மங்கல், பட்டைகளின் ஆழம் குறைவு.

நுனியை 2 மைக்ரோமீட்டர் தூக்குங்கள். அலைவழிக்குக் கட்டுப்பட்ட ஒளி அந்த உயரத்தில் ஏறக்குறைய காணாமல் போயிருக்க வேண்டும். இன்னும் பெரும்பகுதி இருந்தால், நீங்கள் அளப்பது சிதறி அலையும் ஒளி.

உள்ளீட்டு லென்ஸிலிருந்து சிதறும் ஒளி முதல் சந்தேகம். லென்ஸுக்கும் நுனிக்கும் நடுவே கறுப்புக் காகிதத்தால் ஒரு தடுப்பு வைத்துப் பாருங்கள். சிக்னல் விழுந்தால் பிரச்சினை முடிந்தது. அலைவழியின் மேல் கிடக்கும் தூசியும் ஒளியைச் சிதறடிக்கும், அதனால் வேறொரு இடத்துக்கு நகர்ந்தும் பாருங்கள்.

எங்கே போனாலும் குறையவில்லை என்றால் பூச்சு போய்விட்டது. அலுமினியத்துக்குள் ஒளி பத்து, பதினைந்து நானோமீட்டர் அளவுக்குத்தான் ஊடுருவும், எனவே 100 நானோமீட்டருக்கு மேல் கெட்டியான நல்ல பூச்சு தானாகக் கசியாது. நுனி மாதிரியில் இடித்து ஓரம் பெயர்ந்திருக்கும். வளையத்தின் ஒரு பக்கம் போனால் அது வளையமாகவே இருக்காது, காந்தப்புலத்தைக் கேட்கும் திறனும் அதோடு போய்விடும். பெயர்ந்த நுனியைச் சரிசெய்ய வழியில்லை. குவித்த அயனிக் கற்றையில் நுனியைக் குறுக்கே வெட்டிப் புது முகம் எடுத்து மறுபடி பிளவு போட முடியுமா என்று அந்தக் கருவியை இயக்குபவரைத்தான் கேட்க வேண்டும். துளை அதனால் பெரிதாகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

## அறிகுறி 3: நுனி உயரத்தில் நிற்கவில்லை, ஆடுகிறது, இடிக்கிறது

இசைக்கவையின் ஒத்ததிர்வு வளைகோட்டை எடுங்கள். கைக்கடிகாரங்களில் இருக்கும் அதே குவார்ட்ஸ் கவைதான் இது. வெறுமனே இருக்கும்போது 32,768 ஹெர்ட்ஸில் அதிரும். ஃபைபர் ஒட்டிய பிறகு அதிர்வெண் மாறுவதும் வளைகோடு அகலமாவதும் இயல்பு. முக்கியம், நேற்றைய வளைகோட்டோடு இன்றையது பொருந்துகிறதா என்பது.

பொருந்துகிறது, ஆனாலும் ஆடுகிறது என்றால் உயரத்தைத் தானே திருத்தும் பின்னூட்டத்தின் கெயினைப் (பெருக்க அளவை) பாதியாக்குங்கள், ஸ்கேன் வேகத்தையும் குறையுங்கள். அதிர்வுத் தடுப்பு மேசைக்குக் காற்று வருகிறதா, யாராவது ஒரு கேபிளை மேசைக்கும் சுவருக்கும் நடுவே இழுத்துக் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஈரமான நாட்களில் மாதிரியின் மேல் படியும் நீர்ப் படலம் நுனியைப் பிடித்து இழுக்கும். பெட்டிக்குள் உலர்ந்த நைட்ரஜனை மெதுவாக விட்டால் அடங்கிவிடும்.

வளைகோடு அகலமாகி, உச்சி தாழ்ந்திருந்தால் ஒட்டிய பசை இளகியிருக்கும் அல்லது ஃபைபர் கவையின் காலுக்கு வெளியே அதிகமாக நீண்டிருக்கும். இரண்டு உச்சிகள் தெரிந்தால் ஃபைபர் தனியாக அதிர்கிறது என்று பொருள். மறுபடி ஒட்டுவதைத் தவிர வழியில்லை. பசையை எவ்வளவு குறைவாக வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது.

கவை நலமாக இருந்தும் ஸ்கேனரை நகர்த்தும் பீசோ நகரவில்லை, அல்லது குதித்துக் குதித்து நகர்கிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். பீசோ இயக்கிப் பெட்டிக்குள் 100 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அதைத் திறப்பது தயாரித்தவரின் வேலை.

## அறிகுறி 4: ஒளிப் படம், மேடுபள்ளப் படத்தைப் போலவே இருக்கிறது

மாதிரியின் ஒவ்வொரு விளிம்பிலும் ஒளிப் படத்தில் ஒரு கோடு. பார்ப்பவர் அதைக் காந்தப்புலத்தின் நுணுக்கம் என்று நினைத்துவிடுவார். நுனி விளிம்பில் ஏறும்போது அதன் உயரம் மாறுகிறது. உயரம் மாறினால் சிக்னலும் மாறும். புலத்துக்கு அதில் பங்கே இல்லாமல் போகலாம்.

பின்னூட்டத்தை நிறுத்திவிட்டு, மாதிரியின் சாய்வை மட்டும் ஈடுசெய்து, ஒரே உயரத்தில் ஒரு ஸ்கேன் எடுங்கள். நுனி இடிக்காதபடி 50 நானோமீட்டர் மேலே வைத்தால் போதும். விளிம்புக் கோடுகள் மறைந்தால் அவை பொய். மங்கினாலும் அதே இடத்தில் இருந்தால் உண்மையாக இருக்க வாய்ப்புண்டு. போகும் ஸ்கேனையும் திரும்பும் ஸ்கேனையும் ஒப்பிடுங்கள்: ஏறும்போது மட்டும் தெரியும் கோடு பின்னூட்டத்தின் தாமதத்தால் வருவது.

ஒரே உயர ஸ்கேன் இல்லாமல் எந்தக் காந்தப்புலப் படத்தையும் நான் யாருக்கும் காட்டுவதில்லை.

## அறிகுறி 5: காந்தப்புலச் சேனலும் மின்புலச் சேனலும் ஒரே படத்தைத் தருகின்றன

இந்தக் குறிப்பை எழுதவைத்ததே இந்த அறிகுறிதான். இரண்டு சேனல்களும் வேலை செய்கின்றன, பட்டைகள் அழகாக இருக்கின்றன, ஆனால் இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றன. காந்தப்புலம் என்று பெயர் எழுதிய படத்தில் இருப்பது மின்புலமாக இருக்கலாம்.

### முதல் கேள்வி: ஒளி ஒரே திசையில் ஓடுகிறதா?

ஒரே திசையில் ஓடும் அலையில் மின்புலமும் காந்தப்புலமும் எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் இருக்கும். இரண்டு படங்களும் ஒன்றுபோலத்தான் வரும், வர வேண்டும். அங்கே கோளாறு நுனியில் இல்லை, மாதிரியின் தேர்வில் இருக்கிறது. நிலை அலைக்குப் போங்கள்.

### நிலை அலையில் சோதிப்பது

அலைவழியின் குறுக்கே மின்புலம் இருக்கும் முறையில் ஒளியை விட்டு, நடுக்கோட்டில் அளவிடுங்கள். அங்கே மின்புலத்தின் உச்சிகள் உள்ள இடத்தில் செங்குத்துக் காந்தப்புலம் சுழியாக இருக்கும். இரண்டு சேனல்களின் பட்டைகளும் அரைப் பட்டை, நம் எண்களில் சுமார் 258 நானோமீட்டர், தள்ளி நிற்க வேண்டும்.

அரைப் பட்டை தள்ளி, இரண்டிலும் பட்டைகள் ஆழமாக இருந்தால் நுனி காந்தப்புலத்தைக் கேட்கிறது. தள்ளலே இல்லையென்றால் வருவது மின்புலம் மட்டும். இரண்டுக்கும் நடுவே எங்காவது நின்றால் கலவை. நான்காவது நிலைதான் பலரை ஏமாற்றும்: ஒரு சேனலில் பட்டைகள் தெளிவு, இன்னொன்றில் பட்டையே இல்லாமல் சமமான ஒளி. நிலை அலை கலைந்துவிட்டது என்று மாதிரியைக் குற்றம் சொல்லத் தோன்றும். நிலை அலையில் மின்புலமும் காந்தப்புலமும் நேரத்தில் 90 டிகிரி கட்டம் விலகியவை. இரண்டும் சம வீச்சில் அப்படியே கலந்தால், ஒன்றின் பள்ளத்தை மற்றதன் மேடு நிரப்பிப் பட்டை மறையும். கட்டப் படம் ஓடும் அலையைப் போலச் சீராக ஏறும். இது சரிபாதிக் கலவை.

ஒரு எச்சரிக்கை. இந்த அரைப் பட்டைச் சோதனை செங்குத்துக் காந்தப்புலத்துக்கு, அதாவது பிளவு வளைய நுனிக்கு மட்டுமே. பரப்புக்கு இணையான காந்தப்புலம், பரப்புக்கு இணையான மின்புலத்தின் உச்சியிலேயே தானும் உச்சியில் இருக்கும். வட்டத் துளை நுனியை இந்த மாதிரியில் வைத்து "தள்ளல் இல்லை, காந்தப்புலம் இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். வட்டத் துளைக்கு, பக்கவாட்டிலும் புலம் வேகமாக மாறும் ஒளிப்படிக அலைவழி (சீரான துளை வரிசைகளால் ஒளியை அடக்குவது) வேண்டும், ஒப்பிடக் கணினிக் கணக்கீடும் வேண்டும். 2014-இல் அமோல்ஃப் குழு இரண்டு புலங்களையும் ஒரே அளவீட்டில் பிரித்துக் காட்டியது இப்படி ஒரு மாதிரியில்தான்.

### கலவைக்குக் காரணங்கள், எளிதானதிலிருந்து

ஃபைபர்தான் முதல் குற்றவாளி. சாதாரண ஃபைபர், வளைவுக்கும் முறுக்கலுக்கும் ஏற்பத் தளவிளைவைத் திருப்பிவிடும். நேற்று சரியாக இருந்து இன்று கலந்தால், இடையில் யாரோ ஃபைபரைத் தொட்டிருக்கிறார்கள். நுனியை ஒரு பட்டையின் மேல் நிறுத்தி, ஃபைபரை மெல்ல அசைத்துப் பாருங்கள். இரண்டு சேனல்களின் விகிதம் மாறினால் காரணம் தெரிந்துவிட்டது. ஃபைபரை மேசையில் ஒட்டி, தளவிளைவைத் திருத்த டிடெக்டருக்கு முன்னால் உள்ள அரை அலைத் தகட்டையும் கால் அலைத் தகட்டையும் மறுபடி சரிசெய்யுங்கள். நுனியை மின்புல உச்சியில் நிறுத்திக் காந்தப்புலச் சேனலைக் குறைந்தபட்சமாக்குவது என் வழி. அந்த இடத்தில் செங்குத்துக் காந்தப்புலம் இருக்கக் கூடாது என்பது நமக்குத் தெரியும் அல்லவா.

அடுத்தது நுனியின் திசை. பிளவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை ஒட்டும்போது சரியாகக் குறித்திருக்க வேண்டும். பிளவுக்குக் குறுக்கே விழும் மின்புலமும் வளையத்தில் அதே மின்னோட்டத்தைத் தூண்டும், அதனால் பிளவின் திசை பிசகினால் மின்புலம் நேராக உள்ளே வரும். 10 டிகிரி பிசகினால் வீச்சில் 17 சதவீதம் கசியும். சக்தியில் 3 சதவீதம்தான் என்று விட்டுவிட முடியாது. காந்தப்புலச் சிக்னலே மெலிந்தது, அதற்குப் பக்கத்தில் இது பெரிய கசிவு. நுனியைக் கழற்றுவதைவிட மாதிரியைத் திருப்புவது எளிது. இரண்டு டிகிரிக்கு ஒருமுறை திருப்பி, கசிவு எங்கே குறைகிறது என்று பாருங்கள்.

திருப்பியும் குறையவில்லையா? அப்படியானால் பிளவு அடைபட்டிருக்கலாம். சில பத்து நானோமீட்டர் அகலப் பிளவில் ஒரு தூசி போதும். வெட்டும்போது அயனிக் கற்றை பெயர்த்த உலோகமே திரும்பிப் பிளவுக்குள் படிவதும் உண்டு. எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் தெரியும், ஆனால் அதிலும் கவனம் வேண்டும்: எலக்ட்ரான் கற்றையின் கீழ் அதிக நேரம் வைத்தால் நுனியில் கரிப் படலம் படியும். குறைந்த உருப்பெருக்கத்தில் கூர்மையைச் சரிசெய்துகொண்டு, ஒரே ஒரு நல்ல படம் எடுத்துவிட்டு வெளியே எடுக்கச் சொல்லுங்கள். பிளவு மூடியிருந்தால் மறுபடி வெட்டுவது அயனிக் கற்றை இயக்குபவரின் வேலை. அவரிடம் நுனியின் பழைய படத்தையும் புதிய படத்தையும் சேர்த்துக் கொடுங்கள், அவர் வேலை பாதியாகும்.

நுனியில் யூரோப்பியம் அயனி கொண்ட துகளை வைத்து அளப்பவர்களுக்கு ஒரு வரி. அதன் ஒளிர்வில் 590 நானோமீட்டர் அருகே உள்ள கோடு காந்த இருமுனைத் தாவல் (காந்தப்புலத்தைக் கேட்பது), 610 முதல் 620 வரை உள்ளது மின் இருமுனைத் தாவல் (மின்புலத்தைக் கேட்பது). இரண்டின் விகிதம் எங்கே போனாலும் மாறாவிட்டால் முதலில் வடிகட்டிகளைப் பாருங்கள். ஒன்றின் வால் மற்றதற்குள் கசிவதுதான் வழக்கமான காரணம்.

## அறிகுறி 6: கட்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது, பட்டைகள் சாய்கின்றன

நுனியை ஒரே இடத்தில் நிறுத்திப் பத்து நிமிடம் கட்டத்தைப் பதிவு செய்யுங்கள். வளைகோட்டின் வடிவமே காரணத்தைச் சொல்லிவிடும்.

மெதுவாக ஒரே பக்கம் சாய்ந்தால் வெப்பம். ஒரு மீட்டர் ஃபைபர் 1 டிகிரி சூடானால் ஒளிப்பாதை சுமார் 10 மைக்ரோமீட்டர் நீளும், 1550 நானோமீட்டர் ஒளிக்கு அது ஆறு அலைநீளத்துக்கும் மேல். இரண்டு பாதைகளிலும் ஃபைபரின் நீளம் சமமாக இருந்தால் பெரும்பகுதி கழிந்துவிடும். மாதிரியை வைத்த பிறகு, பெட்டியை மூடி, ஒரு மணிநேரமாவது காத்திருங்கள்.

தாறுமாறாகக் குதித்தால் காற்று. குளிர்சாதனத்தின் வாய் மேசையைப் பார்த்திருந்தால் மறையுங்கள், திறந்தவெளியில் போகும் ரெஃபரன்ஸ் கற்றைக்கு ஒரு குழாயை மாட்டுங்கள்.

அளவுகோல் வைத்தாற்போல நேர்கோடாக, வேகமாக ஏறினால் மின்னணுப் பக்கம் பாருங்கள். இரண்டு மாடுலேட்டர்களும் தனித்தனிக் கடிகாரத்தில் ஓடுகின்றன. இரண்டு இயக்கிகளையும் லாக்-இன்னையும் ஒரே கடிகாரத்தில் இணைத்தால் கோடு படுத்துவிடும்.

எதுவும் உதவாதபோது ஒரு நடைமுறை வழி: வேகமான ஸ்கேன் அச்சை ஒளி ஓடும் திசையிலேயே வையுங்கள். ஒரு வரி முடியும் நேரத்தில் கட்டம் அதிகம் ஓடியிருக்காது, வரிகளைப் பிறகு ஒன்றோடொன்று பொருத்திக்கொள்ளலாம்.

## அறிகுறி 7: நுனி அருகில் வந்ததும் ஒத்ததிர்வு நகர்கிறது

ஒளிப்படிகக் குழிவில், அதாவது குறிப்பிட்ட அலைநீள ஒளி சிறைப்பட்டு ஒத்ததிரும் சிறு இடத்தில், அளப்பவர்களுக்கு மட்டும். லேசரை ஒத்ததிர்வில் நிறுத்தி நுனியை இறக்கினால் ஒளி மறைகிறது. நுனி ஒளியை விழுங்குகிறது என்று நினைப்பார்கள். அலைநீளத்தைச் சிறிது நகர்த்திப் பாருங்கள், ஒத்ததிர்வு வேறு இடத்தில் இருக்கும். எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதுதான் முக்கியம்.

குறைந்த அலைநீளத்தை நோக்கி நகர்ந்து, நுனியைத் தூக்கியதும் பழைய இடத்துக்குத் திரும்பினால், இதைக் கோளாறாக எண்ண வேண்டாம். உலோக வளையத்தின் ஊடே மாறும் காந்தப்புலம் வளையத்தில் எதிர் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த எதிர்ப்பே ஒத்ததிர்வைத் தள்ளுகிறது. 2010-இல் இந்த நகர்வை அளந்து வெளியிட்டார்கள். நுனியை இடம் மாற்றி மாற்றி நகர்வின் அளவைக் குறித்தால், செங்குத்துக் காந்தப்புலம் எங்கே வலுவாக இருக்கிறது என்ற வரைபடமே கிடைத்துவிடும். டிடெக்டருக்கு ஒளி குறைவாக வரும் நாட்களில் நான் இந்த வழியைத்தான் நம்புகிறேன்.

நீண்ட அலைநீளத்தை நோக்கி நகர்ந்தால் நுனி வெறும் மின்கடத்தாப் பொருளாக நடந்துகொள்கிறது. உலோகம் பெயர்ந்து கண்ணாடி வெளியே தெரிகிறதா என்று அறிகுறி 2-இன் சோதனையைச் செய்யுங்கள். நுனியில் அழுக்கு ஒட்டியிருந்தாலும் இப்படி ஆகும். இன்னொரு காரணம் லேசரின் சக்தி. சிலிக்கான் குழிவு சூடானாலும் அதே பக்கம்தான் நகரும். சக்தியைப் பத்தில் ஒரு பங்காக்கியதும் நகர்வு மறைந்தால் நுனியின் மேல் குற்றமில்லை.

நுனியை முழுவதும் தூக்கிய பிறகும் ஒத்ததிர்வு திரும்பவில்லை என்றால், குழிவின் மேல் எதையோ விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். பெரும்பாலும் நுனியிலிருந்து உதிர்ந்த அலுமினியத் துணுக்கு. மாதிரியின் மேல் நுனியை ஓட்டி அதைத் தள்ளிவிட முயலாதீர்கள், நுனியும் போகும், குழிவும் போகும். மாதிரியைச் சுத்தம் செய்யும் முறை அதன் பொருளைப் பொறுத்தது. அதைச் செய்தவரிடமே கொடுத்து, எந்தக் கரைப்பானைத் தாங்கும் என்று கேட்ட பிறகு தொடுங்கள்.